பணிப்பட்டியலில் எழுதப்படாத நேரம்: முதுநிலை மருத்துவ மாணவர்களின் ஆய்வு குறித்து ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்வித் துறையின் உயர் அலுவலர்களுக்கும், மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளுக்குப் பொறுப்பேற்றிருப்போருக்கும், என்னைப் போலவே முதுநிலை மாணவர்களுக்கு வழிகாட்டிகளாக இருக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் காவிரிப் படுகையில் உள்ள ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நான்கு ஆய்வேடுகளில் கையெழுத்திட்டேன். இந்த ஆய்வு என் நேரடிக் கண்காணிப்பில் இம்மாணவரால் செய்யப்பட்டது என்று நான்கிலும் அச்சிட்டிருந்தது. ஒவ்வொன்றின் பின்னிணைப்பிலும் மாஸ்டர் சார்ட், அதாவது ஆய்வில் சேர்த்த நோயாளிகள் எல்லோரின் விவர அட்டவணை, இருந்தது. இரண்டில் நூறு நோயாளிகள், இரண்டில் ஐம்பது. நம் ஊர் ஆய்வேடுகளில் நோயாளிகள் எப்படி எப்போதும் ஐம்பதாகவோ நூறாகவோ வந்து சேர்கிறார்கள் என்று எந்தத் தேர்வாளரும் கேட்டு நான் பார்த்ததில்லை. தேர்வாளராகப் போன இடங்களில் நானும் கேட்டதில்லை. கேட்டால் விடை என்னவாக இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதுநிலை மாணவர்களுக்கு ஆய்வில் அக்கறை இல்லை என்ற பேச்சைக் கூட்டந்தோறும் கேட்டு வருகிறேன். அது உண்மையாக இருந்தால் இந்த மடலுக்குத் தேவையே இருக்காது. அக்கறை இல்லாதவர்களை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆனால் நான் கண்ட வரையில், முதலாண்டில் சேரும் மாணவர்கள் கேள்விகளோடுதான் வருகிறார்கள். அதிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வரும் பணி மருத்துவர்களிடம், எந்தப் பாடநூலிலும் விடை கிடைக்காத கேள்விகள் மூட்டையாக இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு முடிவில் அவர்களிடம் மிஞ்சுவது பைண்டு செய்த ஒரு புத்தகமும் அதைத் திரும்பத் திறந்து பார்க்க விருப்பமில்லாத மனமும்தான். இடையில் நேர்வது என்ன என்பதைத்தான் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறைகள், மாணவர்கள் முழுநேர உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்ற வேண்டும் என்றும், அவர்களின் வேலை நேரம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நியாயம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அந்த விதி சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம், தொடர்ச்சியான பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதி வைத்தது. எங்கள் யூனிட்டில் அட்மிஷன் நாளன்று காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழையும் மாணவர் மறுநாள் மாலைதான் விடுதிக்குத் திரும்புகிறார். இடையில் ஓ.பி., கேசுவால்டி, இரவில் இரண்டு மூன்று இறப்புகள், ரத்த வங்கிக்கு ஓட்டம், காலையில் சீஃப் ரவுண்ட்ஸ். இதற்கு நடுவே, ஆய்வில் சேர்க்கத் தகுந்த நோயாளி ஒருவர் வந்திருப்பதை அவர் கவனிக்க வேண்டும். ஆய்வைப் பற்றி நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். படிவத்தை நிரப்ப வேண்டும். ஆய்வுக்கென்று தனியாக ஒரு குழாயில் ரத்தம் எடுத்து, ஆய்வகம் பூட்டும் முன் கொண்டு சேர்க்க வேண்டும். ஒப்புதல் பெறுவது என்பது கைரேகை வாங்குவது மட்டும் அல்ல என்று வகுப்பில் நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். நள்ளிரவு இரண்டு மணிக்கு, நாற்பது நோயாளிகள் இருக்கும் வார்டில், ஒரு விவசாயத் தொழிலாளியின் மனைவியிடம் ஆய்வு என்றால் என்ன என்று விளக்கப் பதினைந்து நிமிடம் செலவிடும் மாணவரை, மற்ற வேலையில் பின்தங்கியவர் என்று மறுநாள் கண்டிப்பவர்களும் நாங்கள்தான்.

காலக் கணக்கையும் பார்க்கலாம். படிப்பு 36 மாதம். தேர்வுக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாக ஆய்வேட்டை அளித்துவிட வேண்டும் என்பது விதி, ஆக 30. மாவட்ட உறைவிடப் பணி 3 மாதம், அப்போது மாணவர் தம் ஆய்வு நோயாளிகளை விட்டு வேறு மருத்துவமனையில் இருப்பார், ஆக 27. சினாப்சிஸ் என்ற ஆய்வுத் திட்டச் சுருக்கத்தை எழுதி, துறையில் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஆய்வின் அறநெறியைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டி கூடி, அது கேட்ட திருத்தங்களைச் செய்து, மறுபடி அது கூடும் வரை காத்திருந்து ஒப்புதல் கடிதம் கைக்கு வர எங்கள் அனுபவத்தில் ஆறேழு மாதம் ஆகிறது. எழுதவும் அச்சிடவும் இரண்டு மாதம். மிஞ்சுவது 18 மாதம். சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வாக இருந்தால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும்; 2018 ஏப்ரல் 1 முதல் ஆய்வு தொடங்கிய பிறகு வரும் பதிவுகளை அந்தப் பதிவகம் ஏற்பதில்லை. அது நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கான வாரங்களையும் அந்த 18 மாதத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.

நகரத்துக் கல்லூரிகளுக்குத் தோன்றாத ஒரு சிக்கல் எங்களுக்கு இருக்கிறது. டெல்டாவில் பயிர்களைப் போல நோய்களுக்கும் பட்டம், அதாவது பருவம், உண்டு. மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கியதும் வரப்பு வேலைக்குப் போனவர்கள் பாம்புக்கடியோடு வரத் தொடங்குவார்கள். ஐப்பசி மழையில் பொந்துகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் பாம்புகள் மேடு தேடி வீட்டுக்குள் வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவர்களைக் கட்டுவிரியன் கடிப்பது அப்போதுதான் அதிகம். மழை ஓய்ந்து பனி இறங்கும்போது, தோலில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருந்தழும்போடு ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக் காய்ச்சல் நோயாளிகள் வருவார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன ஊர் இது. எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் மாசி மாதம் கைக்கு வந்தால், பாம்புக்கடியைப் பற்றி ஆராய விரும்பும் மாணவருக்கு ஒரு பருவம் முழுதாகப் போய்விடும். ஒரு மழைக்காலம் முழுமையாக அகப்பட்டாலே அவர் பேறு பெற்றவர்.

இப்படித்தான் என் மாணவி ஒருவரின் கேள்வி வீணாயிற்று. அதில் என் பங்கே பெரிது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அவர் எங்கள் துறையில் சேரும் முன்பு கடலோரப் பகுதி ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்தவர். கண்ணாடி விரியன் கடித்தவரின் ரத்தம் உறைகிறதா என்று அறிய, நாம் எல்லோரும் செய்யும் 20 நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்ப்பதுதான் சோதனை. உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து தொடங்க வேண்டும். இதில் செலவில்லை, கருவியில்லை, மின்சாரமும் தேவையில்லை. ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ, நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்றுவிடும். அப்போது தேவையில்லாதவருக்கு விஷமுறிவு மருந்து ஏறும்; அந்த மருந்தாலேயே ஒவ்வாமை ஏற்பட்டு உயிருக்குப் போராடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாணவி கேட்டது இதுதான்: எங்கள் சுற்றுவட்டாரத்துத் தாலுகா மருத்துவமனைகளில் இரவு நேரத்தில் இந்தச் சோதனை எந்தக் குழாயில் செய்யப்படுகிறது, எத்தனை நிமிடம் காத்திருக்கிறார்கள், அங்கே வந்த முடிவும் எங்கள் ஆய்வகத்தில் வரும் முடிவும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன?

இதைவிட நல்ல கேள்வி எங்கள் துறையில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் துறைக் கூட்டத்தில் அது நிற்கவில்லை. இதில் ஆய்வக அளவீடு எங்கே, பி வேல்யூ என்ற புள்ளியியல் எண் எப்படி வரும், மற்ற மருத்துவமனைகளுக்குள் போய்க் குழாயைப் பார்க்க யார் அனுமதி தருவார், நம் மருத்துவமனைக்கு வெளியே உள்ளதை நம் எத்திக்ஸ் கமிட்டி எப்படி ஏற்கும் என்று கேள்விகள் வந்தன. நானும் எதிர்த்து வாதாடவில்லை. அந்த மாதம் என் யூனிட்டில் இரண்டு இடம் காலி, சண்டையிடத் தெம்பு இல்லை என்பது காரணமே தவிர நியாயம் ஆகாது. இறுதியில் நானே அவருக்கு ஒரு தலைப்பு கொடுத்தேன்: நீரிழிவு நோயாளிகளில் சீரம் மக்னீசியத்தின் அளவு. இந்தத் தலைப்பில் எத்தனை ஆய்வேடுகள் ஏற்கெனவே நூலக அலமாரியில் தூங்குகின்றன என்று தங்களுக்குத் தெரியும். மக்னீசியம் இல்லையென்றால் யூரிக் அமிலம், யூரிக் அமிலம் இல்லையென்றால் ஃபெரிட்டின். ஆய்வகத்தில் எந்தச் சோதனைக்கான ரீஏஜென்ட் (வேதிப்பொருள்) இருக்கிறதோ அதுவே எங்கள் ஆராய்ச்சியின் திசை.

சிறு மருத்துவமனைகளில் பெரிய ஆய்வு நடக்காது என்று சொல்பவர்கள் பாக்கு நீரிணையைத் தாண்டிப் பார்க்கலாம். அரளி விதையை அரைத்துக் குடித்து வருவோரை டெல்டாவின் எந்தக் கேசுவால்டியிலும் காணலாம்; இலங்கையின் வறண்ட மண்டலத்திலும் அப்படித்தான். அங்கே அவர்களுக்கு நஞ்சை ஈர்த்துக்கொள்ளும் கரித்தூளை ஒருமுறை கொடுப்பதா, பலமுறை கொடுப்பதா என்று ஓர் ஒப்பீட்டு ஆய்வு செய்தார்கள். 2003ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவின்படி, பலமுறை கொடுத்தவர்களில் இறப்பு 2.5 விழுக்காடு, ஒருமுறை கொடுத்தவர்களில் 8 விழுக்காடு. எல்லோரும் அதோடு நிறைவடைந்திருக்கலாம். ஆனால் அதே நாட்டில் மூன்று மருத்துவமனைகளில், பலவகை நஞ்சுகளை உட்கொண்ட 4,632 பேரிடம் மறுபடி ஆராய்ந்தார்கள். பலமுறை கரித்தூள் கொடுப்பதால் பயன் எதுவும் தெரியவில்லை என்று 2008இல் எழுதினார்கள். முதல் விடையைச் சந்தேகித்து இரண்டாவது கேள்வி கேட்கும் அந்தத் துணிவுக்குச் செலவைவிட நேரமும் ஒழுங்கான பதிவேடுகளும்தான் அதிகம் தேவைப்பட்டிருக்கும். நம் மாநிலத்துக்கும் இது புதிதல்ல. காசநோயாளிகளைச் சானட்டோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. கடும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஒரு மருந்தைவிட இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது மேல் என்று 2023இல் காட்டிய ஆய்வும் வேலூரிலிருந்து வழிநடத்தப்பட்டதுதான்.

பதிவேடுகள் என்றதும் தஞ்சாவூரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும், அவர்களின் கண்களை வரைந்த வண்ணப் படங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. இரண்டு நூற்றாண்டு கடந்த பின்னும் ஒரு கண் மருத்துவர் அதைப் படித்து, நோய் என்ன, என்ன செய்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. எங்கள் பதிவேட்டு அறையில் மூன்று ஆண்டுக்கு முந்தைய கேஸ் ஷீட் ஒன்றைத் தேடி ஒரு மாணவர் இரண்டு பிற்பகல்களைக் கழித்தார். கிடைத்தது, ஆனால் கடித்த நேரம், மருத்துவமனைக்கு வந்த நேரம், முதல் விஷமுறிவு மருந்து ஏறிய நேரம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட அதில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாதவர் இன்னொரு முதுநிலை மாணவர், அன்று அவருக்கு முப்பதாவது மணி நேரப் பணி. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய, அதாவது மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய, நோயாக அறிவித்திருக்கிறது. எண்ணிக்கை இனிமேல் வரும். அந்த எண்ணிக்கைக்குள் இருக்கும் நேரங்கள் வர வேண்டுமானால் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் அதற்கென மூன்று கட்டங்கள் அச்சிட்டாலே போதும்.

ஆய்வு முறையியல் கற்பிக்கப்படவில்லை என்று குற்றம் சொல்ல மாட்டேன். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் நடத்தும் இணையவழி அடிப்படைப் படிப்பு தரமானது. நானும் படித்துத் தேர்வு எழுதியவன். ஆனால் அதை எங்கள் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? இரவுப் பணியில், அடுத்த நோயாளி வரும் இடைவெளியில், கைப்பேசியில் இரட்டிப்பு வேகத்தில் ஓடவிட்டு. மாதிரி அளவைக் கணக்கிடுவது பற்றிய பாடத்தை அப்படிக் கேட்டவர், பிறகு ஐம்பதையும் நூறையும் எழுதுவதில் வியப்பில்லை. புள்ளியியலுக்கு உதவ ஆள் தேடினால், சமூக மருத்துவத் துறையில் உள்ள ஒரே புள்ளியியலாளர் எல்லாத் துறைகளின் மாணவர்களுக்கும் விடை சொல்ல வேண்டும். அவரைப் பிடிக்க முடியாதவர்கள் வெளியே கடைகளைத் தேடிப் போகிறார்கள். டைப் செய்வதில் தொடங்கி, அட்டவணை போட்டு, கலந்துரைப்பு அத்தியாயம் வரை எழுதித் தரும் கடைகள் மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்தோறும் உண்டு. அவற்றை ஒழிக்க, பிறர் எழுத்தை நகலெடுக்கவில்லை என்று காட்டும் பிளேஜியரிசம் சான்றிதழ் கேட்கிறோம். அந்தச் சான்றிதழையும் சேர்த்தே வாங்கித் தருவது அந்தக் கடைகளின் தொழில் நேர்த்தி.

இனி நான் தங்களிடம் கேட்பவை.

முதுநிலை மாணவர் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஓர் அரை நாள் ஆய்வுக்கு என்று மாதப் பணிப்பட்டியலிலேயே எழுதப்பட வேண்டும். எழுதப்பட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நேரம் இருக்கும்போது போய்ப் பாருங்கள் என்று நாங்கள் வாயால் சொல்லும் நேரம் எந்த மாணவருக்கும் கிடைத்ததில்லை. அந்த அரை நாளில் அவருடைய வார்டை யார் பார்ப்பார் என்பதும் அதே பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாணவரின் ஆய்வு நேரம் இன்னொரு மாணவரின் தலையில் விழும், அவர்களுக்குள் பகைதான் வளரும். இது ஆள் பற்றாக்குறையோடு முட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காலிப் பணியிடங்களை முதுநிலை மாணவர்களை வைத்து நிரப்பி ஓட்டுவது நின்றால்தான் இதற்கு வழி பிறக்கும். அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை.

எத்திக்ஸ் கமிட்டி விஷயத்தில் புதிய விதி எதுவும் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளே, ஆபத்து மிகக் குறைந்த ஆய்வுகளை முழுக் கூட்டத்துக்குக் காத்திராமல் விரைவாகப் பரிசீலிக்கவும், சிலவற்றுக்குப் பரிசீலனையிலிருந்து விலக்கு அளிக்கவும் இடம் தருகின்றன. கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிப் பார்க்கும் ஓர் ஆய்வும், புதிய ஊசி போடும் ஓர் ஆய்வும் ஒரே வரிசையில் ஆறு மாதம் நிற்பது அந்த நெறிமுறைகளுக்கே எதிரானது. இந்த வழியைக் கல்லூரிகள் பயன்படுத்துகின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை கேட்டு எழுதினாலே பாதி தாமதம் குறையும்.

மாவட்ட உறைவிடப் பணியைப் பற்றி எனக்கு வேறு ஓர் ஆசை உண்டு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம், சீர்காழி போன்ற ஊர்களின் மருத்துவமனைகளில்தான் பாம்புக்கடிக்கு முதல் சிகிச்சை நடக்கிறது. எங்களிடம் வருவது அதன் இரண்டாம் அத்தியாயம். இத்தகைய மருத்துவமனைகளுக்கு மாணவர் செல்லும் மூன்று மாதத்தை ஆய்வுக்கு இழப்பாக எண்ணாமல், ஆய்வின் களமாகவே ஆக்கலாம். ஒரே நெறிமுறை, ஒரே படிவம், டெல்டாக் கல்லூரிகளின் ஐந்தாறு மாணவர்கள், ஆளுக்கொரு மருத்துவமனை, ஆளுக்கொரு கேள்வி என்று பகிர்ந்து செய்தால், எந்தத் தனி ஆய்வேட்டுக்கும் கிட்டாத எண்ணிக்கை இரண்டு பருவத்தில் சேர்ந்துவிடும். இதற்குப் பல்கலைக்கழகம் கூட்டு நெறிமுறையை ஏற்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். ஒரு கல்லூரியின் எத்திக்ஸ் ஒப்புதலை மற்றவை ஏற்க வேண்டும். சேர்ந்த விவரத்தை அந்தத் தாலுகா மருத்துவமனைச் செவிலியர்களுக்குத் தமிழில் ஒரு பக்கமாகத் திருப்பிக் கொடுப்பதையும் அந்த ஆய்வேட்டின் பகுதியாகவே மதிப்பிட வேண்டும்.

தேர்வாளர்களாகச் செல்லும் சக ஆசிரியர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். முப்பத்தேழு நோயாளிகளோடும், வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்ற முடிவோடும் ஒரு மாணவர் வந்தால், அவரைச் சந்தேகப்படாதீர்கள். நூறு பேரோடு வருபவரிடம் நூறாவது நோயாளி எந்தத் தேதியில் வந்தார் என்று கேளுங்கள்.

அந்த மாணவி இப்போது தேர்ச்சி பெற்று ஒரு தாலுகா மருத்துவமனையில் பொது மருத்துவராக இருக்கிறார். அங்கே எத்திக்ஸ் கமிட்டி கிடையாது. தம் சொந்தப் பணத்தில் கண்ணாடிக் குழாய்கள் வாங்கிக் கேசுவால்டியில் வைத்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரங்களை எழுதி வருகிறார். சென்ற மாதம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். பழைய குழாயில் உறையாமல் நின்ற ரத்தம், புதுக் குழாயில் உறைந்ததாக ஒரே வாரத்தில் மூவருக்குக் கண்டிருக்கிறார். அவர்களைப் பற்றி நோட்டில் எழுதியிருப்பதை ஆய்வாக எழுத வேண்டுமானால் யாரிடம் அனுமதி கேட்பது, சார், என்று முடித்திருந்தார். அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. தங்கள் பதில் கிடைத்ததும் எழுதுவேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர்,
காவிரிப் படுகை.